தாத்தா விட்டுப்போன பழைய விசில்கள்: வயது கண்டுபிடிப்பது எப்படி, விற்கலாமா?

செல்வி (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா காலமான பிறகு அவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா, திறந்து பார்த்தால் முழுக்க விசில். தாத்தா ரயில்வேயில் தண்டவாள கேங்கில் வேலை பார்த்தவர், சனி ஞாயிறுகளில் கால்பந்து ரெஃப்ரியாகவும் போவார், அதனால் ஒன்றிரண்டு இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் இவ்வளவு சேர்த்து வைத்திருந்தது ஆயாவுக்கே தெரியாதாம்.

பாதி விசில்கள் நீளக் குழல் மாதிரி, போலீஸ்காரர்கள் வைத்திருப்பது போல. மற்றவை உள்ளே உருண்டை உருளும் விசில்கள், ரெஃப்ரி ஊதுவது. ஒன்று கறுப்பு, பிளாஸ்டிக்கா என்னவென்று தெரியவில்லை. ஒன்று வெள்ளையாக, எலும்பா தந்தமா என்று சந்தேகம். பித்தளையில் ஒன்றில் டைட்டானிக் என்று எழுதியிருக்கிறது, அதைப் பார்த்ததிலிருந்து என் தம்பிக்குத் தூக்கம் இல்லை.

எங்கள் மாமா சந்தையில் ஒருவரிடம் காட்டினார், அவர் எல்லாவற்றையும் சேர்த்து 400 ராண்ட் தருகிறேன் என்றாராம். மாமா கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இவற்றின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? எதை விற்கலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும்? இந்த வெள்ளிக்கிழமை ஆயா சாமி விளக்கோடு சேர்த்து இவற்றையும் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா?

நாதன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

செல்வி, முதலில் அந்த டப்பாவை ஆயாவிடமிருந்து பத்திரமாக வாங்கி வைத்துவிடுங்கள். விளக்குத் தேய்க்கிற மாதிரி புளி, எலுமிச்சை, பிராசோ பாலிஷ் எதுவும் இவற்றின் மேல் படக்கூடாது. பழைய விசில்கள் பெரும்பாலும் பித்தளைமேல் மெல்லிய நிக்கல் முலாம் பூசியவை. புளிப்பு பட்டால் முலாமின் ஓரங்கள் போய்விடும், தேய்க்கத் தேய்க்க எழுத்துகள் மழுங்கும். விசிலின் விலையில் முக்கால்வாசி அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது, அவை போனால் அது வெறும் பித்தளைக் குழாய். பச்சைக் களிம்பு எங்காவது பிடித்திருந்தால் பல் குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள், அது போதும். தண்ணீரில் ஊறப்போடவே வேண்டாம், உள்ளே இருக்கும் உருண்டை பழைய விசில்களில் தக்கையால் ஆனது, தண்ணீர் குடித்தால் ஊதிப்போய் காயும்போது வெடிக்கும்.

சிறு பிள்ளைகள் வாயில் வைக்கவும் விடாதீர்கள். பழைய பற்றவைப்பில் ஈயம் இருக்கும், சில விசில்கள் முழுக்க ஈயம் கலந்த வெள்ளீயத்தில் வார்த்தவை.

சரி, வயதுக்கு வருவோம். நம் ஊரில் கிடைக்கும் பழைய விசில்களில் பெரும்பான்மை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் செய்தவை, அதிலும் ஜோசப் ஹட்சன் தொடங்கிய ஜே. ஹட்சன் கம்பெனியுடையவை. 1870-ல் ஆரம்பித்த கம்பெனி. 1883-ல் லண்டன் மாநகரப் போலீஸ் அதுவரை கையில் சுழற்றிய மரக் கிலுகிலுப்பையை விட்டுவிட்டு ஹட்சனின் விசிலுக்கு மாறியது, அதுதான் உங்களிடம் இருக்கும் நீளக் குழல் ரகம். உள்ளே நீளம் கொஞ்சம் வேறுபட்ட இரண்டு அறைகள் இருக்கும், ஊதினால் இரண்டு சுருதி ஒன்றோடொன்று மோதி ஒலி நடுங்கிக்கொண்டே போகும். சந்தை இரைச்சலிலும் அது தனியாகக் காதில் விழுவதற்குக் காரணம் அந்த நடுக்கம்தான். மறு வருஷம், 1884-ல், உருண்டை உருளும் ரகமான ஆக்மி தண்டரர் வந்தது. அதை இன்றைக்கும் செய்கிறார்கள், அதனால் வடிவத்தை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது.

வயதைச் சொல்வது விலாசம். ஹட்சன் கம்பெனி இடம் மாறிக்கொண்டே இருந்தது, மாறிய விலாசத்தை விசிலிலேயே அடித்தது. ஆரம்பத்தில் பக்கிங்ஹாம் தெரு, பிறகு பார் தெருவில் 13, 131 என்ற எண்கள், 1909 வாக்கிலிருந்து அதே தெருவில் 244. பக்கிங்ஹாம் தெரு என்று இருந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள். 131 என்றால் 1909-க்கு முன்னால். 244 என்றால் அதற்குப் பிறகு, எவ்வளவு பிறகு என்பதை மற்ற குறிகளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

எழுத்து தெரியவில்லை என்றால் பகல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, விசிலை மெதுவாகத் திருப்புங்கள், மறைந்துபோன எழுத்தும் நிழலில் எழுந்து வரும். அப்படியும் வரவில்லை என்றால் மெல்லிய தாளைச் சுற்றி பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தேயுங்கள். இரண்டு பக்கமும், வளையம் மாட்டும் தலைப் பகுதியையும் பாருங்கள். ரயில்வே, போலீஸ், ராணுவம் மூன்றும் தங்கள் எழுத்தை விசிலில் அடித்து வைத்தன, நம் நாட்டுப் பொருளுக்கு மதிப்பே அங்கேதான். பார்த்து எழுதுங்கள்.

மீனா (மெரிபேங்க்):

அந்த வெள்ளை விசிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செல்வி, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று கிடைத்தால் வெட்டுமுனையைப் பாருங்கள். எலும்பு என்றால் ஊசியால் குத்தியது போல சின்னக் கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும், அவை ரத்தநாளம் போன துளைகள். தந்தம் என்றால் முனையில் குறுக்கும் நெடுக்குமாக வளைந்த கோடுகள் வலைப்பின்னலாகத் தெரியும். இரண்டும் இல்லாமல் நேர்நேராகக் கோடு மட்டும் ஓடினால் அது செல்லுலாய்டு, பழைய வகை பிளாஸ்டிக். சூடான ஊசியால் குத்திப் பார் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள், செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும்.

தந்தமாக இருந்துவிட்டால் விற்பதை மறந்துவிடுங்கள். அனுமதித் தாள் இல்லாமல் நாட்டை விட்டு அனுப்ப முடியாது, பழையது என்று வாயால் சொன்னால் போதாது. இங்கிலாந்தில் 2018-ல் போட்ட தந்தச் சட்டம் 2022-ல் நடைமுறைக்கு வந்தது, ஒருசில விதிவிலக்கு தவிர அங்கே தந்தம் விற்பதே குற்றம். விசில் வாங்குகிறவர்கள் அதிகம் இருப்பதும் அங்கேதான். வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வி (சாட்ஸ்வொர்த்):

நாதன் அண்ணா, மீனா அக்கா, ரொம்ப நன்றி. டார்ச் யோசனை நன்றாக வேலை செய்தது, பகலில் வெறும் கோடாகத் தெரிந்தது ராத்திரியில் எழுத்தாக நின்றது. வெள்ளை விசிலில் கரும்புள்ளிகள்தான் இருக்கின்றன, எலும்பு என்று நினைக்கிறேன், மனசுக்கு நிம்மதி.

குழல் விசில் ஒன்றில் தி மெட்ரோபாலிடன் என்றும், ஜே. ஹட்சன் அண்ட் கோ என்றும், 131 பார் தெரு, பர்மிங்காம் என்றும் இருக்கிறது. அதன் மறுபக்கம் மங்கலாக என், ஜி, ஆர் என்று மூன்று எழுத்து. இன்னொரு குழலில் எஸ்.ஏ.ஆர். – எஸ்.ஏ.எஸ். என்று அடித்திருக்கிறது. மூன்றாவதில் ஆங்கில யூ எழுத்துக்குள் ஒரு அம்பு மேலே பார்த்து நிற்கிறது. உருண்டை விசில்களில் ஒன்றில் தி ஆக்மி தண்டரர் என்றும் பேட்டண்ட் 5727.08 என்றும், கீழே மேட் இன் இங்கிலாந்து என்றும் இருக்கிறது. அந்த எண் தேதியா? கறுப்பு விசிலில் கம்பெனி பெயர் மட்டும்தான். மெட்ரோபாலிடன் என்றால் லண்டன் போலீஸிடம் இருந்த விசிலா? அது எப்படி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்?

நாதன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

செல்வி, அந்த என்.ஜி.ஆர். விசிலை இன்றே தனியாக ஒரு பருத்தித் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். அது நேட்டால் கவர்ன்மெண்ட் ரயில்வே.

மெட்ரோபாலிடன் என்பது ஹட்சன் அந்த ரகத்துக்கு வைத்த வியாபாரப் பெயர், லண்டன் போலீஸில் எடுபட்ட பெயரை எல்லா ஊருக்கும் விற்றார்கள், அதனால் அதை வைத்து லண்டன் என்று சொல்ல முடியாது. உங்கள் விசிலைப் பற்றி மறுபக்கத்து மூன்று எழுத்துதான் பேசுகிறது. நேட்டால் அரசு 1877-ல் ரயில்வேயைக் கையில் எடுத்தது. 1910-ல் நான்கு குடியேற்ற நாடுகளும் தென்னாப்பிரிக்க யூனியனாகச் சேர்ந்தபோது நேட்டால், கேப், டிரான்ஸ்வால் பக்கத்து ரயில்வேக்கள் எல்லாம் ஒன்றாகி சவுத் ஆஃப்ரிக்கன் ரயில்வேஸ், அதாவது எஸ்.ஏ.ஆர்., ஆயின, என்.ஜி.ஆர். என்ற பெயர் அத்தோடு முடிந்தது. ஆக அந்த எழுத்து அடித்த விசில் 1910-க்குப் பிறகு வர வழியில்லை. அந்தக் குழல் ரகமே 1883-ல் வந்தது என்பதால் அதற்கு முன்னாலும் வர வழியில்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்தியாகிவிட்டது, நடுவில் இருபத்தைந்து வருஷம் போல, பிரிட்டிஷாரும் போயர்களும் மோதிய போயர் யுத்தமும் அதற்குள் அடக்கம்.

விசிலுக்கு வயது பார்ப்பதில் நான் நம்புவது இந்த முறையைத்தான். பெரும்பாலும் எந்தக் குறியும் தனியாக வருஷம் சொல்லாது. ஒரு குறி இதற்கு முன்னால் இல்லை என்று சொல்லும், இன்னொரு குறி இதற்குப் பின்னால் இல்லை என்று சொல்லும், இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால் இடைவெளி சுருங்கும். என்.ஜி.ஆர். எழுத்தும் 244 விலாசமும் ஒரே விசிலில் யாராவது பார்த்தால் இடைவெளி ஒன்றிரண்டு வருஷம்தான், அப்படி ஒன்று என் கைக்கு இதுவரை வரவில்லை, வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படம் போடுங்கள்.

மற்றவற்றுக்கும் இதே கணக்கு. எஸ்.ஏ.ஆர். – எஸ்.ஏ.எஸ். என்றால் பின்பாதி அதே பெயர் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில். அந்த மொழி ஆட்சிமொழி ஆனது 1925-ல், ஆகவே அந்த விசில் அதற்குப் பிந்தையது என்று வைத்துக்கொள்ளலாம், தாத்தா வேலையில் இருக்கும்போது கொடுத்ததாகவே இருக்கும். யூ எழுத்துக்குள் அம்பு என்பது நம் நாட்டு ராணுவத்தின் அடையாளம். அம்பு மட்டும் தனியாக இருந்தால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து, அதை யூ எழுத்துக்குள் வைத்தால் 1912-ல் அமைத்த யூனியன் டிஃபென்ஸ் ஃபோர்ஸ். வெளிநாட்டு விற்பனையாளர்கள் பலர் இதைக் கவனிக்காமல் சும்மா பிரிட்டிஷ் ராணுவம் என்று எழுதிவிடுகிறார்கள். முதல் உலக யுத்தத்து டெல்வில் உட் சண்டைக்குப் போன படையின் விசில் என்றெல்லாம் யாராவது கதை கட்டினால் நம்பவேண்டாம், வருஷம் அடிக்காமல் அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்தில் சின்னதாக நான்கு இலக்கம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

5727.08 தேதி இல்லை. 1908-ஆம் வருஷத்து 5727-ஆம் பேட்டண்ட் என்று அர்த்தம், புள்ளிக்குப் பின்னால் இருப்பதுதான் வருஷம். அதை அதன் பிறகும் பல காலம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் 1908 விசில் என்று சொல்லி விற்றால் தவறு, 1908-க்கு முந்தையது இல்லை என்பது மட்டும் நிச்சயம். கறுப்பு விசில் பேக்கலைட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்காக இருக்கும், இரண்டாம் உலக யுத்தத்தில் உலோகம் தட்டுப்பாடானபோது அதில் நிறைய செய்தார்கள். விரலால் வேகமாகத் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள், ஒரு மாதிரி மருந்து நெடி வரும்.

தேவன் (டொங்காட்):

தங்கச்சி, அந்த என்.ஜி.ஆர். எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது என்று கேட்டீர்கள். எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் தண்டவாளத்தில் இருந்தவர்கள், அதனால் சொல்கிறேன். கார்டு வேலை, ஸ்டேஷன் மாஸ்டர் வேலை எல்லாம் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்குத்தான். நம் ஆட்களுக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும். ஆனால் கேங் வேலை செய்யும்போது ஒருவர் தள்ளி நின்று வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், வண்டி தெரிந்ததும் ஊதவேண்டும், குனிந்து வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சாமானை எடுத்துக்கொண்டு ஒதுங்கவேண்டும். பத்து இருபது பேர் உயிர் அந்த ஒருவர் வாயில் இருந்தது. எங்கள் பெரியப்பா விசிலைக் கயிற்றில் கட்டி கழுத்தில் போட்டபடியேதான் சாப்பிடுவார்.

1860-ல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கூட்டம் வந்து இறங்கியதிலிருந்து, ஒப்பந்தத்தில் வந்தவர்களை ஏராளமாக எடுத்துக்கொண்டவர்களில் நேட்டால் ரயில்வேயும் ஒன்று. உங்கள் தாத்தாவின் தாத்தா ரயில்வேயில் இருந்தாரா என்று ஆயாவிடம் கேளுங்கள். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு, கப்பல் பட்டியலில் பெயர், ஊர், வயது, எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதெல்லாம் இருக்கும். அந்த எண்ணையும் இந்த விசிலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அது வேறு பொருள் ஆகிவிடும். எத்தனை குடும்பங்கள் டர்பன் தொழிலாளர் குடியிருப்புகளான ரயில்வே பாரக்ஸிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் மூட்டை கட்டி சாட்ஸ்வொர்த்துக்கு வந்தன, வரும் வழியில் எவ்வளவு போயின. இது தப்பித்து வந்திருக்கிறது. இதை 400 ராண்டுக்குக் கொடுக்காதீர்கள், 4,000-க்கும் கொடுக்காதீர்கள்.

குமரன் (ஃபீனிக்ஸ்):

நான் பழைய சாமான் வாங்கி விற்கிறவன், நேராகவே சொல்கிறேன். சந்தைக்காரர் சொன்னது அடிமாட்டு விலை. அவரைக் குறை சொல்லவில்லை, மொத்தமாக வாங்குகிறவர் அப்படித்தான் கேட்பார். டப்பாவில் இரண்டு விசில்தான் பேரம் பேசத் தகுந்தவை, என்.ஜி.ஆர். ஒன்று, யூ-அம்பு ஒன்று. அவர் அந்த இரண்டுக்காகத்தான் மொத்தத்தையும் கேட்டிருப்பார்.

டைட்டானிக் விசிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, தம்பியிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அது போலி. கப்பல் பெயரையும் 1912 என்ற வருஷத்தையும் பித்தளையில் அடித்து மூட்டை மூட்டையாக விற்கிறார்கள், புதிதாகச் செய்து ரசாயனத்தில் பழுப்பேற்றுவது. கையில் எடுத்தாலே தெரியும்: பழுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். உண்மையாகப் பழசானது விரல் படும் இடத்தில் வெளுத்திருக்கும், இடுக்கில் கறுத்திருக்கும், உதடு படும் ஓரம் மழுங்கியிருக்கும், வளையம் உரசி உரசித் துளை ஒரு பக்கமாக நீண்டிருக்கும். முதல் உலக யுத்தத்து ராணுவ விசில்களிலும் இதே போலி நிறைய.

என்.ஜி.ஆர். எழுத்தையும் ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள். உங்களுடையது தவறு என்று சொல்லவில்லை, குடும்பத்தில் இருந்து வந்தது, ஆனால் வாங்குகிறவன் கேட்பான். சாதாரணப் பழைய விசிலை எடுத்து அதன்மேல் மூன்று எழுத்தைப் பின்னால் அடித்து விலையேற்றுவது உண்டு. லென்ஸ் வைத்து எழுத்தின் பள்ளத்துக்குள் பாருங்கள். அப்போதே அடித்தது என்றால் பள்ளத்துக்குள்ளும் அதே பழுப்பும் அழுக்கும் இருக்கும், கம்பெனி பெயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அதே அளவு இதுவும் தேய்ந்திருக்கும். பின்னால் அடித்தது என்றால் பள்ளத்தின் அடியில் பித்தளை மஞ்சளாகச் சிரிக்கும், ஓரத்தில் எழும்பிய விளிம்பு நகத்தில் தட்டும்.

விற்பது என்று முடிவு செய்தால் சில விஷயங்கள். ஆன்லைனில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், யார் வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம், விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். சாதாரண தண்டரர்களைத் தனித்தனியாக விற்றால் கூரியர் செலவுக்கே கட்டாது, நான்கைந்தாகச் சேர்த்துப் போடுங்கள். படம் ஆறு ஏழு எடுங்கள், எழுத்து தெரியும்படி பக்க வெளிச்சத்தில், கூடவே ஸ்கேல் வைத்து. ஊதினால் சத்தம் வருகிறதா, தக்கை உருண்டை பழையதா, எங்காவது நசுங்கலோ திரும்பப் பற்றவைத்ததோ உண்டா, எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். மறைத்து விற்றால் திரும்பி வரும், பெயரும் போகும். டார்ச்சை வாய்க்குப் பக்கத்துத் திறப்பில் காட்டினால் உருண்டை தெரியும். தக்கை என்றால் பழுப்பாக, சின்னச் சின்னக் குழியோடு இருக்கும், மாற்றிய பிளாஸ்டிக் உருண்டையில் நடுவில் ஒட்டுக்கோடு ஓடும்.

பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பொருளைக் கொடுக்கவேண்டும். பணம் அனுப்பிவிட்டேன் என்று போனில் காட்டுகிற தாளை நம்பி என் நண்பர் ஒருவர் ஒரு வெள்ளி விசிலையே இழந்தார், சங்கு மாதிரி அழகான வேலைப்பாடு. ஒன்றிரண்டு குடும்பச் சாமானை விற்பதில் சிக்கல் இல்லை, ஆனால் பிடித்துப்போய் வாங்கி விற்க ஆரம்பித்தால் 2009-ஆம் வருஷத்துப் பழைய பொருள் சட்டப்படி போலீஸில் பதிவு செய்யவேண்டும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீனா (மெரிபேங்க்):

குமரன் வெள்ளி என்றதால் ஒரு வார்த்தை. செல்வி, உங்களிடம் வெள்ளி போலத் தெரிவது எதுவாக இருந்தாலும் நான்கு சின்ன முத்திரை வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். நடக்கிற சிங்கம் இருந்தால் இங்கிலாந்து ஸ்டெர்லிங் வெள்ளி, நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது, கூடவே இருக்கும் ஒற்றை எழுத்து வருஷத்தைச் சொல்லும், அந்த வரிசையை வைத்துப் பார்த்தால் எந்த வருஷம் என்று அப்படியே வந்துவிடும். வருஷம் அடித்த ராணுவ விசிலை விட்டால், விசில்களில் சந்தேகமே இல்லாமல் வருஷம் சொல்வது இந்த ரகம்தான். இ.பி.என்.எஸ். என்று இருந்தால் வெள்ளி முலாம் மட்டும்.

ராஜு (டர்பன்):

எல்லோரும் ரயில்வே விசிலையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தாத்தா ரெஃப்ரி என்று செல்வி எழுதியிருக்கிறாரே, அந்தத் தண்டரர்தான் எனக்குக் கண்ணில் படுகிறது. சந்தையில் அதற்கு விலை இல்லை, குமரன் சொல்வது சரி. ஆனால் நம் கால்பந்துக்கு என்று தனிக் கதை இருக்கிறது. சாம் சைனா கோப்பை 1903-லிருந்து, வெள்ளைக்காரர் லீக்கில் நமக்கு இடம் இல்லாத காலத்தில் நாமே நடத்தியது. டர்பன் கரீஸ் ஃபவுன்டன் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எப்படி இருக்கும் என்று பெரியவர்களைக் கேளுங்கள். அந்த ஆட்டங்களில் ஊதிய ரெஃப்ரிகளின் சாமான் எங்கே இருக்கிறது? யாரும் எடுத்து வைக்கவில்லை. கோப்பையை வைப்பார்கள், போட்டோவை வைப்பார்கள், விசிலை யார் வைக்கிறார்கள். தாத்தா எந்த லீக்கில் ஊதினார், எந்த வருஷங்களில், எந்த மைதானம், எதில் அவர் பெயர் அச்சாகியிருக்கிறது, இதை ஆயா நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். பழைய ஆட்ட நிகழ்ச்சித் தாள், ரெஃப்ரி அட்டை ஏதாவது கிடைத்தால் விசிலோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

செல்வி (சாட்ஸ்வொர்த்):

ஆயாவிடம் கேட்டேன். தாத்தாவின் தாத்தா லேடிஸ்மித் பக்கம் ரயில்வேயில் இருந்தார் என்பது உறுதி, எண் எழுதிய தாள் ஒன்று பெரியம்மா வீட்டில் இருக்கிறதாம், வாங்கப் போகிறேன். என்.ஜி.ஆர். எழுத்தின் பள்ளத்துக்குள் நன்றாகக் கறுத்துத்தான் இருக்கிறது குமரன் அண்ணா, மஞ்சள் எங்கும் இல்லை. யூ-அம்பு விசிலில் வருஷம் எதுவும் தெரியவில்லை. மாமாவும் இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார், தண்டவாள விசிலையும் ரெஃப்ரி விசிலையும் வைத்துக்கொள்வோம், மற்றதை விற்போம் என்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. லேடிஸ்மித் பக்கம் சொந்தக்காரப் பையன் ஒருவன், அங்கே பழைய போர்க்களங்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினால் இப்படி விசில் கிடைக்கும், வாருங்கள் என்கிறான். போகலாமா? அப்புறம், வீட்டில் வைத்துக்கொள்வதை எதில் போட்டு வைப்பது?

நாதன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

முதல் கேள்விக்கு, போகவே கூடாது. 1999-ஆம் வருஷத்து தேசியப் பாரம்பரியச் சட்டப்படி 75 வருஷத்துக்கு மேற்பட்ட யுத்தப் பொருள்களும் அவை கிடக்கும் இடங்களும் தொல்பொருள் கணக்கில் சேரும். அனுமதி இல்லாமல் அங்கே டிடெக்டர் கொண்டுபோவதே குற்றம், தோண்டுவது அதைவிட. ஸ்பியன்கோப், கொலென்சோ, இசான்ட்ல்வானா எல்லாம் யுத்தத்தில் நிறைய மனிதர்கள் விழுந்த இடங்கள். ஸ்பியன்கோப்பிலும் கொலென்சோவிலும் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த காந்தியின் இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர், பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்த நம் ஆட்கள். ஒரு விசில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அங்கே செய்தி, பிடுங்கி எடுத்தால் அது போய்விடும். பையனுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டவேண்டாம், டர்பன் ஈரப்பதத்துக்கு உள்ளே வியர்த்துக் களிம்பு பிடிக்கும். தோல் உறையும் வேண்டாம், தோலில் இருக்கும் அமிலம் பித்தளையைப் பச்சையாக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, ஒன்றோடொன்று உரசாமல் அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொன்றோடும் பென்சிலில் எழுதிய சின்னத் தாள்: யாருடையது, எந்த வேலைக்கு, யார் சொல்லித் தெரியும், என்றைக்கு எழுதியது. விசில் மேல் ஒட்டாதீர்கள், வளையத்தில் நூலால் கட்டுங்கள்.

பெரியம்மாவிடமிருந்து அந்த எண் தாள் கிடைத்ததும் அதையும் விசிலையும் எடுத்துக்கொண்டு டர்பனில் 1860 ஹெரிடேஜ் சென்டருக்கோ, வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கோ ஒருமுறை போய்க் காட்டுங்கள். கொடுத்துவிட்டு வரவேண்டும் என்று இல்லை, படம் எடுத்து விவரத்தைப் பதிவு செய்துகொண்டாலே போதும். போகுமுன் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்.ஏ.ஆர். – எஸ்.ஏ.எஸ். விசிலை மாமா விற்கும் கணக்கில் சேர்த்துவிடப் போகிறார், அதுவும் தண்டவாள விசில்தான், தாத்தா கையில் இருந்தது. அதையும் என்.ஜி.ஆர். கூடவே வையுங்கள், விற்பது பேக்கலைட்டும், மிச்ச தண்டரர்களும், மனசு ஒத்துக்கொண்டால் யூ-அம்பும் மட்டும் இருக்கட்டும். யூ-அம்புக்கு யாராவது விலை சொன்னால் உடனே சரி என்று சொல்லாமல் இங்கே எழுதுங்கள், நானும் குமரனும் பார்க்கிறோம்.